ரேஸ் பேட் ஏன் ஆபீஸுக்குப் போகக் கூடாது? ஒரு பிரேக் பேடின் வரலாறு

கொஞ்ச நாளாவே ஒரே கேள்வி பல வடிவத்தில் வந்துக்கிட்டே இருக்கு. கையில் ஒரு வேகமான கார். கோல்ஃப் ஜிடிஐ மாதிரி, ஆக்டேவியா ஆர்எஸ் மாதிரி ஒண்ணு. திங்கள் முதல் வெள்ளி வரை அதிலேதான் ஆபீஸ். லீவு கிடைச்சா மலைப்பாதை. கம்பெனி போட்டுக் கொடுத்த பிரேக் பேட் தேய்ஞ்சுடுச்சு. "மாத்துறதே மாத்துறோம், ரேஸ் பேடாவே போட்டுடலாமா?"

இது மெக்கானிக்கிட்ட கேட்க வேண்டிய கேள்வியாச்சே, வரலாறு பேசுற பாட்காஸ்டுக்கு இதில் என்ன வேலைன்னு தோணலாம். ஆனா "ரேஸில் ஜெயிச்சது ரோட்டிலும் ஜெயிக்கும்" என்ற அந்த நினைப்புக்குப் பின்னால் ஒரு பழைய சம்பவம் இருக்கு. 1953 ஜூன் மாதம், பிரான்ஸில் நடந்தது. அது பொய்யில்லை, ஆனா பாதிதான் உண்மை. மீதிப் பாதியைப் புரிஞ்சுக்கணும்னா குதிரை வண்டிக் காலத்துக்குப் போகணும்.

அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கணக்கு. பிரேக் உண்மையில் செய்யுற வேலை வேகத்தைச் சூடாக மாத்துறது. 1,500 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகுது, நீங்க பிரேக் போட்டு நிறுத்துறீங்க. அந்த ஒரு நிறுத்தத்தில் கிட்டத்தட்ட 5,80,000 ஜூல் ஆற்றல் சூடாக மாறுது. சாதாரண குழாய்த் தண்ணி 2 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டு போக அது போதும். அதையும் ரெண்டு மூணு விநாடிக்குள்ள, உள்ளங்கை அகலம் உள்ள சில பேடுகளும் நாலு இரும்புத் தட்டுகளும் வாங்கிக்கணும். வேகம் 200 ஆனா சூடு ரெண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. பிரேக் பேடின் கதை முழுக்க இந்தச் சூட்டை எந்தப் பொருள் தாங்கும் என்பதுதான். இன்னொண்ணும் இருக்கு. அந்தப் பொருளுக்கான விலையை யார் கொடுத்தாங்க என்பது.

1888 ஆகஸ்ட். ஜெர்மனியில் பெர்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், ரெண்டு பையன்களைக் கூட்டிக்கிட்டு அவர் செய்த மோட்டார் வண்டியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பயணம். வழியில் அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார் என்பது பலருக்குத் தெரிந்த கதை. நமக்கு வேண்டியது இன்னொரு இடம். வண்டியின் பிரேக் வெறும் மரக்கட்டை. இறக்கங்களில் அது தேய்ந்துகொண்டே வந்தது. வழியில் ஒரு ஊரில் செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தி, அந்தக் கட்டைமேல் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். தேய்ந்தால் தோலை மட்டும் மாற்றினால் போதும். மாற்றக்கூடிய பிரேக் லைனிங் என்ற எண்ணத்தைப் பலரும் இங்கிருந்துதான் தொடங்குறாங்க. கவனிச்சுப் பாருங்க, முதல் நாளிலேயே அது ஒரு "ரீப்ளேஸ்மென்ட்" கதைதான்.

இதே யோசனையைத் தொழிலாக்கியவர் இங்கிலாந்தின் ஹெர்பர்ட் ஃப்ரூட். டெர்பிஷையர் மலைப்பகுதிக்காரர். அங்கே செங்குத்தான இறக்கங்களில் குதிரை வண்டிக்காரர்கள் மரக்கட்டை பிரேக்கில் பழைய பூட்ஸ் தோலை ஆணியடித்து ஓட்டியதை அவர் பார்த்தார் என்று சொல்வார்கள். 1897ல் பருத்தித் துணியை அடுக்கி, பிசின் ஊட்டிக் கெட்டியாக்கி, பிரேக்குக்கென்றே ஒரு பொருள் செய்ய ஆரம்பித்தார். கம்பெனிப் பெயருக்குத் தன் பெயரின் எழுத்துக்களை மாற்றிப்போட்டு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தான 'ஈ'யையும் சேர்த்துக்கொண்டார். ஃப்ரூட் என்பது ஃபெரோடோ ஆனது. இன்னைக்கும் பேட் பெட்டியில் நீங்க பார்க்கிற அதே ஃபெரோடோதான்.

பருத்தியில் ஒரு பிரச்சினை. வண்டி கனமாக ஆக, வேகம் கூடக் கூட, அது கருகியது. குதிரை வண்டிக்குப் போதுமானது மோட்டார் பஸ்ஸுக்குப் போதவில்லை. 1908 வாக்கில் ஃப்ரூட் கைவைத்தது ஆஸ்பெஸ்டாஸில். பூமியிலிருந்து தோண்டி எடுக்கிற கல், ஆனால் நூல் மாதிரி நூற்கலாம், துணி மாதிரி நெய்யலாம், நெருப்பு பிடிக்காது. விலையும் மலிவு. அதே காலத்தில் லியோ பேக்லேண்ட் 1907ல் கண்டுபிடித்த பேக்லைட் வகைப் பிசின், அதாவது ஃபீனாலிக் ரெசின், கொஞ்ச நாளில் இந்த நாரை ஒட்டிப் பிடிக்கும் பசையாக வந்து சேர்ந்தது. நாரும் பசையும் சேர்ந்த இந்தக் கூட்டணி அடுத்த அறுபது எழுபது வருடம் உலகின் பெரும்பாலான வண்டிகளை நிறுத்தியது. இப்போ நார் மாறிப்போச்சு. பசை பெரும்பாலும் அதே குடும்பம்தான், அதை ஞாபகத்தில் வெச்சுக்குங்க, பின்னாடி வரும்.

இங்கே வண்டியைக் கொஞ்சம் நிறுத்தணும்.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் டர்னர் பிரதர்ஸ் என்ற ஆலையில் ஆஸ்பெஸ்டாஸ் நூற்கும் வேலை செய்தவர் நெல்லி கெர்ஷா. 1924ல் நுரையீரல் நோயில் இறந்தபோது அவருக்கு வயது 33. இறப்பதற்கு முன்பும் பின்பும் குடும்பம் உதவி கேட்டது. கொடுத்தால் நாளைக்கு மற்றவர்களும் கேட்பார்கள் என்று நிர்வாகம் ஒரு பைசா தர மறுத்தது. வில்லியம் குக் என்ற மருத்துவர் அவருடைய நுரையீரலில் ஆஸ்பெஸ்டாஸ் துகள்களைக் கண்டு, மருத்துவ இதழில் எழுதினார். அந்த நோய்க்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்ற பெயர் நிலைத்ததும் அவர் எழுத்தால்தான். டர்னர் பிரதர்ஸ் அங்கமாயிருந்த டர்னர் அண்ட் நியூவால் குழுமத்தின் கைக்கு 1920களிலேயே ஃபெரோடோவும் போனது.

1931ல் பிரிட்டன் ஆலைத் தூசுக்கு விதிமுறை கொண்டுவந்தது. ஆனால் அது ஆலைக்குள் மட்டும். டிரம்மைக் கழற்றி, உள்ளே படிந்திருக்கும் தூசை ஏர் பைப்பால் 'ஃபூ' என்று ஊதித் தள்ளிய மெக்கானிக்கைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. நோய் வெளியே தெரிய இருபது முப்பது வருடம் ஆகும் என்பதால் கணக்குக் கேட்பவரும் இல்லை. பிரிட்டன் முழுத் தடை போட்டது 1999ல். அமெரிக்கா 1989ல் தடை செய்தது, 1991ல் நீதிமன்றம் அந்தத் தடையின் பெரும்பகுதியை ரத்து செய்தது. பிரேக் லைனிங்கையும் சேர்த்துத் தடுக்கும் விதி மறுபடி வந்தது 2024ல். நெல்லி கெர்ஷா இறந்து சரியாக நூறு வருடம். டர்னர் அண்ட் நியூவாலை 1998ல் வாங்கிய அமெரிக்க நிறுவனம் ஃபெடரல்-மொகல், அதனோடு வந்த ஆஸ்பெஸ்டாஸ் நஷ்டஈட்டு வழக்குகளின் சுமை தாங்காமல் 2001ல் திவால் பாதுகாப்பு கேட்டது.

சரி, இப்போ 1953க்கு வருவோம். லெ மான் 24 மணி நேரப் பந்தயம். அந்தக் காலத்தில் அங்கே ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நேர்ச்சாலை ஒன்று, முடிவில் கூர்மையான வலது திருப்பம். உச்ச வேகத்தில் வந்து, மூச்சடைக்கப் பிரேக் அடித்து, திரும்பணும். ஒரு சுற்று இல்லை, ஒரு பகலும் ஓர் இரவும். டிரம் பிரேக் என்பது மூடிய டப்பா, சூடு வெளியே போக வழி கம்மி. டிரம் சூடாகி விரியும், ஷூ அதை எட்ட இன்னும் தூரம் போகணும், பெடல் கீழே இறங்கும். லைனிங்கும் வழுக்கத் தொடங்கும். பிரேக் ஃபேட் என்று சொல்றோமே, அதுதான்.

ஜாகுவார் சி-டைப் காரில் டன்லப் நிறுவனத்தின் டிஸ்க் பிரேக் இருந்தது. திறந்த இரும்புத் தட்டு, ரெண்டு பக்கமும் பேட், காற்று நேராகப் படும். முந்தின வருடமே ஸ்டர்லிங் மாஸ் ரேன்ஸ் நகரில் டிஸ்க் பொருத்திய சி-டைப்பில் ஜெயித்திருந்தார். ஆனால் உலகம் திரும்பிப் பார்த்தது லெ மானில்தான். டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் ஜோடி முதலிடம். சராசரி வேகம் மணிக்கு 170 கிலோமீட்டர். அங்கே 100 மைல் சராசரியைத் தாண்டி ஜெயித்த முதல் கார் அது. மற்றவர்களைவிடத் தாமதமாகப் பிரேக் அடிக்க முடிந்தது, அதையே விடிய விடிய திரும்பச் செய்யவும் முடிந்தது. 1955ல் சிட்ரோயன் டிஎஸ் முன்சக்கர டிஸ்க்கோடு விற்பனைக்கு வந்தது. பந்தயத்திலிருந்து வீட்டு வாசலுக்கு ரெண்டே வருடம். அப்புறம் "ரேஸ் பார்ட்" என்றால் நமக்கு ஏன் கண் விரியாது?

ஆனா இங்கேதான் ஒரு விஷயம் நழுவிப்போச்சு. லெ மானிலிருந்து ரோட்டுக்கு வந்தது டிஸ்க்கும் காலிப்பரும். பேட் அப்படியே வரலை, வரவும் முடியாது. டிரம்மில் ஷூ சக்கரத்தின் சுழற்சியாலேயே தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும், காலுக்கு வேலை கம்மி. டிஸ்க்கில் அந்த இலவச உதவி கிடையாது. சின்னப் பரப்பில் பெரிய அழுத்தம், அதனால் பேடின் முகத்தில் டிரம்மைவிட அதிகச் சூடு. லெ மான் ஓட்டுநருக்குத் தன் பேட் சூடாக இருக்கும்போது பிடித்தால் போதும், ஏன்னா அது எப்பவுமே சூடாகத்தான் இருக்கும். சிட்ரோயனை ஓட்டி பேக்கரிக்குப் போனவருக்கு, காலையில் முதல் பிரேக்கே பிடிக்கணும். ரெண்டும் வேற வேற வேலை.

இதன் உச்சக்கட்டத்தைப் பார்க்கணும்னா ஃபார்முலா ஒன். 1976ல் பிரபாம் அணி கார்பன் பிரேக்கை அங்கே கொண்டுவந்தது. எடை குறைவு, சூட்டைத் தாங்குவதில் ராஜா. ஆனால் பல நூறு டிகிரி சூடேறும் வரை ஒழுங்காகப் பிடிக்காது. பந்தயம் தொடங்கும் முன் ஃபார்மேஷன் சுற்றில் ஓட்டுநர்கள் பிரேக்கை அழுத்தி அழுத்திச் சூடேற்றுவது அதனால்தான். உங்க அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு வர்றதுக்குள்ள ஃபார்மேஷன் சுற்று ஓட்ட முடியுமா?

இதுக்கிடையில் ஆஸ்பெஸ்டாஸை ஓரங்கட்டிய பிறகு அந்த இடம் காலியாக இருந்தது. ஒரே பொருள் நார், காப்பு, மலிவு மூணுக்கும் பதிலாக இருந்ததால், அதன் இடத்துக்கு ஒரே ஆள் கிடைக்கவில்லை. ஒரு பேடுக்குள் பத்துப் பதினைந்து பொருள் சேர்க்க வேண்டி வந்தது. இன்னைக்கு நாம கடையில் குழம்புற வகைகள் எல்லாம் அந்தத் தேடலில் பிறந்தவை. எஃகு நூலும் இரும்புத் தூளும் கலந்தது செமி-மெட்டாலிக். சூடு தாங்கும், ஆனால் குளிரில் கொஞ்சம் சோம்பல், கீச்சென்ற சத்தம், வீல் எல்லாம் கறுப்புத் தூசு, டிஸ்க்கையும் வேகமாகத் தின்னும். அராமிட் நார், அதாவது 1965ல் டுபாண்டில் ஸ்டெஃபனி க்வோலெக் கண்டுபிடித்த கெவ்லார் குடும்பம், சேர்த்தது ஆர்கானிக் வகை. மென்மை, அமைதி, ஆனால் மலை இறக்கத்தில் சீக்கிரம் களைக்கும். பீங்கான் வகை நாரும் செம்பும் சேர்த்தது செராமிக். தூசு வெளிர் நிறம், சத்தம் கம்மி. ஒரு விஷயம் இங்கே சொல்லியாகணும்: செராமிக் பேட் வேற, 2000களின் தொடக்கத்தில் போர்ஷே கொண்டுவந்த கார்பன்-செராமிக் டிஸ்க் வேற. பேர் ஒண்ணா இருக்கிறதால, சில ஆயிரம் ரூபாய் பெட்டியில் போர்ஷே மந்திரம் இருக்குன்னு நம்பி வாங்குறவங்க இருக்காங்க. இல்லைங்க.

நம்ம ஊருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. பிரிட்டனின் லூகாஸ் கெர்லிங்கும் டிவிஎஸ் குழுமமும் சேர்ந்து 1962ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா சென்னை பாடியில்தான். நீங்க ஓட்டுற காரின் பிரேக் அங்கிருந்து வந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு.

இப்போ அந்தப் பசைக்கு வருவோம். பேடை அதன் அளவுக்கு மேல் சூடாக்கினால் ஃபீனாலிக் ரெசின் சிதைந்து வாயுவாக வெளியேறும். அந்த வாயு பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் மெத்தை மாதிரி உட்காரும். பெடல் கல்லு மாதிரி இருக்கும், கார் நிற்காது. புதுப் பேடில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், அதை கிரீன் ஃபேட்ன்னு சொல்வாங்க. புதுசா மாட்டின கையோட நிதானமா பல தடவை பிரேக் அடிச்சுப் படிய வைக்கணும்னு மெக்கானிக் சொல்றது இதனாலதான். கூடவே, பேடின் மெல்லிய படலம் ஒன்று டிஸ்க்மேல் ஒரே சீராகப் படியணும். பிடிப்பில் பாதி வேலை அந்தப் படலத்துடையது. பழைய டிஸ்க்கில் வேற வகைப் பேட் போட்டா நடுக்கம் வருதுன்னு புலம்புறாங்களே, பல நேரம் டிஸ்க் கோணினதால இல்லை, படலம் திட்டுத்திட்டா இருக்கிறதால.

இதையெல்லாம் வாங்குறவர் எப்படித் தெரிஞ்சுக்குவார்? ரெண்டு நாகரிகம், ரெண்டு பதில். அமெரிக்காவில் பேடின் ஓரத்தில் ரெண்டு எழுத்து அச்சிட்டிருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு, ரெண்டாவது அதிகச் சூட்டில். 'ஈ' என்றால் 0.25 முதல் 0.35, 'எஃப்' 0.35 முதல் 0.45, 'ஜி' 0.45 முதல் 0.55. கேட்க அழகா இருக்கு. ஆனா அந்தச் சோதனை ஒரு அங்குலத் துண்டை இயந்திரத்தில் தேய்த்துப் பார்ப்பது, காரில் இல்லை. 'ஜி' 'எஃப்'ஐ விட நல்ல பேட் என்று அதுக்கு அர்த்தமும் இல்லை. ஐரோப்பா வேற கேள்வி கேட்டது: மாற்றுப் பேட், கார் கம்பெனி போட்ட பேட் போலவே நடந்துக்குதா? ஆர் 90 என்ற அந்த விதிப்படி, ஒரிஜினலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 15 சதவிகிதத்துக்குள் இருக்கணும். ரொம்பப் பலவீனமா இருந்தாலும் தப்பு, ரொம்பப் பிடிச்சாலும் தப்பு. ஏன்னா முன்சக்கரம், பின்சக்கரம், ஏபிஎஸ் எல்லாம் ஒரு குறிப்பிட்ட பிடிப்பை நம்பித்தான் அமைக்கப்பட்டிருக்கு. பின்பேடை மட்டும் அதிகம் பிடிக்கிறதா மாத்தினா, ஈர ரோட்டில் காரின் வால் முன்னே வரப் பார்க்கும். என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் ஐரோப்பாவின் கேள்விதான் புத்திசாலித்தனமானது. பல டிராக் பேடுகளில் "சாலையில் பயன்படுத்த அல்ல" என்று போட்டிருப்பதைச் சட்டத்துக்குப் பயந்து எழுதினது என்று நினைக்கிறோம். அது பொறியாளர் எழுதின வரி.

அப்போ வேகமான, தினமும் ஓட்டுற காருக்கு என்ன? நகரத்துக்குள் உங்க பேட் பெரும்பாலும் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. டிராக் பேட் நல்லா பிடிக்கத் தொடங்குறதே பல நேரம் அதுக்கு மேலதான். காலை எட்டு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போறீங்க, ஒரு விநாடிக்கு 17 மீட்டர். ஒரு பையன் சைக்கிளோட குறுக்கே வர்றான். அந்த நேரத்தில் உங்க கால்கீழே இருக்கிறது இன்னும் தூங்கிக்கிட்டு இருக்கிற பேட். சூடானா அது சிங்கம்தான், ஆனா சூடாக அதுக்கு நேரம் இல்லை. அதனால் ஆர் 90 முத்திரை உள்ள, கார் கம்பெனி தரத்துக்கு நிகரான பேட் ஒண்ணு. அல்லது அதே முத்திரையோட "ஃபாஸ்ட் ரோட்" என்று வர்ற, கொஞ்சம் அதிகச் சூடு தாங்குற வகை. மலை இறங்கும்போது உண்மையிலேயே பெடல் இறங்கினதோ கருகல் வாசனை வந்ததோ இருந்தா மட்டும் ரெண்டாவது. அதுக்கும் முன்னாடி பிரேக் ஆயிலைப் பாருங்க. புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் உறிஞ்சின பிறகு அந்தக் குறைந்தபட்சம் 155க்கு இறங்கிடும். "பேட் சரியில்லை"ன்னு மாத்துற பல பேர் மாத்த வேண்டியது அதைத்தான். வருஷத்துக்கு ரெண்டு தடவை மெட்ராஸ் டிராக்குக்குப் போறீங்களா? டிராக் பேடைப் பெட்டியில் கொண்டு போங்க, அங்கே மாட்டுங்க, கழற்றிட்டு வாங்க.

இன்னொண்ணு, பெட்டியின்மேல் சின்ன இலை மாதிரி ஒரு குறி பார்த்திருப்பீங்க. ஆஸ்பெஸ்டாஸ் போன பிறகு சூட்டைக் கடத்துறதுக்குச் செம்பு நிறையப் போட்டாங்க. பிரேக் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அது தூளாகி ரோட்டில் விழுந்தது, மழையில் ஆற்றுக்குப் போனது. சால்மன் மீன் மோப்பத்தால் வழி கண்டுபிடிக்கிற மீன். செம்பு அந்த மோப்பத்தையே மழுங்கடிக்குது. அதனால் 2010ல் வாஷிங்டன், கலிஃபோர்னியா மாநிலங்கள் சட்டம் போட்டு, செம்பை முதலில் 5 சதவிகிதத்துக்கும் 2025லிருந்து அரை சதவிகிதத்துக்கும் கீழே கொண்டுவரச் சொன்னாங்க. இலைக்குறியில் 'என்' எழுத்து இருந்தா அந்தக் கடைசி நிலை. ஐரோப்பாவின் யூரோ 7 விதி அதுக்கும் ஒரு படி மேல. புகைக்குழாயோட சேர்த்துப் பிரேக் தூசுக்கும் முதல் தடவையா வரம்பு: பெரும்பாலான கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், மின்சாரக் கார்களுக்கு 3. புதுசா அறிமுகமாகும் மாடல்களுக்கு 2026 நவம்பரிலிருந்து. இனி கம்பெனிகள் பேடோட நிறுத்தாம, டிஸ்க்குக்கே கடினமான பூச்சு கொடுக்கத் தொடங்கியிருக்காங்க. அந்த டிஸ்க்குக்கு இப்போ கடையில் இருக்கிற பேட் எதுவும் பொருந்தும்னு எதிர்பார்க்க முடியாது. அடுத்த தடவை பேட் மாத்தும்போது, பேட் நம்பரோட டிஸ்க் நம்பரையும் கேட்டு வாங்குங்க.

அடுத்த எபிசோடு டயரைப் பத்தி. மறக்காம கேளுங்க.